ரேகை இல்லாதவர்களின் ஓட்டு

என் வலது கட்டைவிரலில் ரேகை இல்லை. இடதிலும் இல்லை. முப்பத்தோரு வருடம் சுண்ணாம்புக் குழியோரம் நின்று தோல் சீவியவன் நான். சுண்ணாம்பு மாட்டுத் தோலிலிருந்து மயிரை எடுத்தது, என் விரலிலிருந்து ரேகையை எடுத்தது. வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ரேகை இன்னும் திரும்பி வரவில்லை.

போன வாரம் எங்கள் பழைய தோல் டேனரியிலிருந்து நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் குழிக்காரர்கள்.

"வாசல்ல நோட்டீஸ் ஒட்டிக்கீறாங்க மாமா. கமிட்டி வெக்கிறாங்களாம். நம்ம ஆள நாமே பொறுக்கிக்கலாமாம். கைநாட்டு வெச்சா போதுமாம்."

நான் அவர்களுடைய கைகளைத் திருப்பிப் பார்த்தேன். நாலு பேர், எட்டு கட்டைவிரல். ஏழு வழவழவென்று இருந்தன. எட்டாவது விரலில் துணி சுற்றியிருந்தது.

"கைநாட்டுன்னா நமக்கு ஒரு கதை கீதே" என்றேன்.

"அதத்தான் கேக்க வந்தோம். வாயால சொல்லாத, எழுதிக் குடு. குழியோரம் படிச்சிக் காட்டிக்கிறோம்."

அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவன் இல்லை. பதினெட்டு வயதில் பாலாற்றுக்கு அக்கரையிலிருந்து ஆம்பூருக்கு வந்து, முதல் வருடம் தோல் ஊற வைத்தேன், இரண்டாம் வருடம் குழியில் இறங்கினேன், மூன்றாம் வருடம் கத்தி பிடித்தேன். பொட்டுக்கடலை கட்டி வந்த காகிதங்களையும், மூட்டைகளில் மை வைத்து அடித்த எழுத்துகளையும் கூட்டிக் கூட்டிப் படித்தே எழுத்து வந்தது. ஆனால் எழுத்துக்கு முன்பே குறி வந்துவிட்டது. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம்.

தோலில் ஒட்டிய சதையைச் சீவுவது என்றால் இப்படி. சாய்வாக நட்ட கட்டையின்மேல் தோலைப் போட்டு, வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள கத்தியால் மேலிருந்து கீழே சீவ வேண்டும். கத்தி ஒரு மயிரளவு சாய்ந்தால் தோலில் வெட்டு விழும். அந்த வெட்டு அப்போது தெரியாது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காய் ஏறி, உலர்ந்து, கடைசியில் தரம் பிரிக்கும் அறைக்குப் போனபின்தான் தெரியும். யார் வெட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மையால் பெயர் எழுதினால் சுண்ணாம்பு தின்றுவிடும். ஆகவே சீவி முடித்ததும் வாலோரத்தில் அவரவர் குறியைக் கத்தி முனையால் நறுக்கிவிட வேண்டும். என் குறி இரண்டு நேர்வெட்டு, ஒரு சாய்வெட்டு. என் பக்கத்துக் கட்டைக்காரன் அந்தோணியின் குறி குருவி வாய் திறந்த மாதிரி இருக்கும். குழியில் இறங்குவதும் சீவுவதும் முறை மாற்றிச் செய்வோம் என்பதால் குழிக்காரர் நாற்பத்தோரு பேருக்கும் நாற்பத்தோரு குறி.

தரம் பிரிக்கும் அறையில் கணக்கர் ரகீம் பாய் இருந்தார். வெட்டு உள்ள தோல் வந்தால் வாலோரத்தை விரலால் தடவுவார். கண்ணால் பார்க்கக்கூட மாட்டார். "ரெண்டு நேர், ஒரு சாய்வு. ஏழுமலை" என்று அபராதப் பதிவேட்டில் எழுதிவிடுவார். தெருவில் கண்டால், "உன் மூஞ்சி மறந்தாலும் உன் வாலு எனக்கு மறக்காதுடா" என்று சிரிப்பார்.

பெரிய யுத்தம் முடிந்து அரிசி விலை ஏறிக் கிடந்த காலத்தில் நாங்கள் பதினோரு நாள் வேலைக்குப் போகவில்லை. பட்டணத்து மில்களில் சங்கம் வைக்கிறார்கள் என்ற பேச்சும் ரயிலேறி ஆம்பூர் வந்து இறங்கியிருந்தது. பன்னிரண்டாம் நாள் முதலாளி ஒரு புது மானேஜரைக் கொண்டுவந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முந்தைய மானேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு குழியோரம் வருவார். இவர் மூக்கைப் பொத்தியதே இல்லை. எங்கள் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொண்டார். ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்து, தான் குடிக்கும் அதே கண்ணாடி கிளாசில் டீ கொடுத்தார். பஜாரில் எங்களுக்குத் தனிக் குவளை இருந்த நாள் அது. அந்த கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தோணி ரொம்ப நேரம் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். நானும்தான்.

அவர் வாயில் 'நான்' வராது. 'நாம்'தான் வரும். நம்ம குழி, நம்ம கத்தி, நம்ம கஷ்டம். ஒரு நாள் அந்தோணியின் கணுக்காலைப் பார்த்தார். சின்ன வெடிப்பில் சுண்ணாம்பு இறங்கி, காசு அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"நம்ம காலு எப்டி இருக்கு அந்தோணி?"

"உங்க காலு நல்லாத்தான் கீது ஐயா. என் காலுதான் வலிக்குது."

குழியே சிரித்தது. எல்லோருக்கும் முந்தி அவர்தான் சிரித்தார். அப்படிப்பட்ட மனிதரை எதிர்ப்பது ரொம்பக் கஷ்டம்.

கமிட்டி யோசனையை அவர்தான் கொண்டுவந்தார். தொழிலாளர் தரப்பில் ஐந்து பேர், பகுதிக்கு ஒருவர், தலைவர் மானேஜர். வேலை மாற்றம், வேலை நீக்கம் எல்லாம் கமிட்டி பார்த்துத்தான் நடக்கும். "வெளியார் சங்கம் நமக்கெதுக்கு? நாமளே நம்மள ஆண்டுக்கலாம்" என்றார். எங்களுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விதிகளைத் தம் கையாலேயே எழுதினார். முதலாளி வீட்டுக்குப் போய் வந்தபின் சில வரிகள் கூடின, சில குறைந்தன. பட்டை இடிக்கும் பெண்களுக்கு ஓட்டு இருந்த வரி குறைந்தது. கள்ள ஓட்டைத் தடுக்க ஒரு வரி கூடியது: ஓட்டுச் சீட்டில் வைத்த அடையாளத்தைப் பதிவேட்டில் உள்ள அடையாளத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

குழிக்கும், உலர்ந்த தோலைக் கட்டுப்போடும் அறைக்கும் சேர்த்து ஓர் இடம். நாங்கள் அந்தோணியை நிறுத்தினோம். கட்டு அறைக்காரர்கள் மேஸ்திரியின் மச்சான் குப்புசாமியை நிறுத்தினார்கள். அவன் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. மேஸ்திரி தும்மினால் நூறு வயசு சொல்கிறவன். இரண்டு பெட்டி வைத்தார்கள். எங்கள் நாற்பத்தோரு பேரும் கட்டைவிரலில் மை தடவிச் சீட்டில் வைத்து அந்தோணி பெட்டியில் போட்டோம்.

மானேஜர் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். அப்புறம் எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். சீட்டில் இருந்தது வெறும் கறுப்புப் பொட்டு. புளியங்கொட்டையை மையில் தோய்த்து வைத்த மாதிரி. நாற்பத்தோரு புளியங்கொட்டை.

"எது யாருதுன்னு நாம எப்டி சொல்றது?" அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நாம போட்ட சட்டம் நம்மளையே கட்டிப்போடுதே."

குப்புசாமி ஜெயித்தான்.

நான் அப்போது கோபப்படவில்லை என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். ஏனென்றால் அன்று மாலையே மானேஜர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கமிட்டித் தீர்மானங்களை எழுதும் மினிட்டுப் புத்தகத்தைக் குழியில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக்காட்டும் வேலை. பொட்டுக்கடலைக் காகிதத்தில் எழுத்துப் படித்தவனுக்கு அட்டை போட்ட புத்தகம் கைக்கு வந்தது. இன்னொரு கிளாஸ் டீயும் வந்தது. சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்தோணியின் காலில் குழி ஆழமாகிக்கொண்டே போனது. புண் ஆறும்வரை உலர்த்தும் கொட்டகைக்கு மாற்றச் சொல்லிக் கமிட்டிக்கு மனுக் கொடுத்தான். அங்கே தண்ணீரும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மாற்ற எந்தத் தடையும் இல்லை. தடை ஒன்றே ஒன்றுதான்: பதினோரு நாள் வேலை நிறுத்தத்தில் முதல் ஆளாகக் கத்தியைக் கீழே வைத்தவன் அவன்.

ஒரு வெள்ளிக்கிழமை மினிட்டுப் புத்தகம் வந்தது. சாப்பாட்டு நேரம். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டை இடிக்கும் பெண்களும் சுவரோரம் இருந்தார்கள். அந்தோணியின் மனைவி அற்புதம் அவர்களில் ஒருத்தி. நான் எழுந்து நின்று, நல்ல குரலில், எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

"தொழிலாளி அந்தோணியின் உடல்நலத்தை உத்தேசித்து, அவரை இம்மாதக் கடைசியோடு வேலையிலிருந்து விடுவிப்பது என நாம் ஒருமனதாகத் தீர்மானித்தோம்."

படித்து முடித்தபின்தான் என்ன படித்தேன் என்று எனக்கே விளங்கியது. அற்புதம் உலக்கையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"தீர்மானிச்சோம்னு படிச்சியே அண்ணா. நீ எப்போ தீர்மானிச்ச?"

"நான் இல்ல தங்கச்சி. கமிட்டி."

"நாம்னு போட்டிருக்கே. நாமன்னா இங்க குந்திகினு கேக்கறவங்களும்தான? தோ, அவரு குந்திகினு கீறாரு. அவரு எப்போ தீர்மானிச்சாரு? அவர் வேலைய அவரே புடுங்கிக்கிட்டாரா?"

அந்தோணி சோற்றுக் கையோடு நிமிர்ந்து, "வுடு அற்புதம். நம்ம காலு வலிக்குது, நாம போறோம்" என்றான். அந்த 'நாம'வை மானேஜர் குரலிலேயே சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கையில் இருந்த புத்தகம் ஊறிய தோல் மாதிரி கனத்தது.

மறுநாள் அதே நேரத்துக்கு, யாரும் கேட்காமலே, புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி எழுந்தேன். அதே தீர்மானத்தை மறுபடி படித்தேன். ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்.

"விடுவிப்பது என அவர்கள் தீர்மானித்தார்கள்."

குழி முழுக்க ஓர் 'ஆங்' எழுந்தது.

ஒரு மணி நேரத்தில் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. மானேஜர் பெஞ்சைக் காட்டினார். டீயும் இருந்தது. நான் உட்காரவில்லை.

"நாம்னு எழுதியிருக்கு. நீ அவர்கள்னு படிச்சியாமே ஏழுமலை?"

"ஆமாங்க ஐயா. எழுத்துப் பிழைன்னு நெனச்சித் திருத்திட்டேன்."

அவர் டீ கிளாசை என் பக்கம் நகர்த்தினார். "நம்மள நாமளே பிரிச்சிக்கலாமா?"

"எங்க ஓட்டப் பிரிச்சி எடுத்து வெச்சது நீங்கதான ஐயா. நாப்பத்தோரு பேர வெளிய நிறுத்திட்டு, முடிவுல மட்டும் உள்ள சேத்துக்கிறீங்க."

"அடையாளம் தெளிவா இருந்தா நாம வேணாம்னா சொல்லப்போறோம்? தெளிவான அடையாளத்தோட வாங்க, மறுபடி ஓட்டு வெச்சிக்கலாம்." புன்னகை மாறவே இல்லை. "புதன்கிழமை காலை பத்து மணிக்கு."

புதன் காலை பத்து மணி குழியிலிருந்து தோல் தூக்கும் நேரம். தூக்க ஆரம்பித்தால் பாதியில் விட முடியாது. விட்டால் சுண்ணாம்பு அளவு மீறித் தோல் கஞ்சியாகிவிடும். கமிட்டிக் கூட்டங்களையும் அவர் எப்போதும் அந்த நேரத்தில்தான் வைப்பார். நாங்கள் வரமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். வந்தாலும் புளியங்கொட்டைதான்.

அன்று முழுக்க மினிட்டுப் புத்தகத்தின் முன்பக்கங்களில் இருந்த விதிகளையே படித்துக்கொண்டிருந்தேன். அந்தோணி கட்டையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் படித்துக்காட்டினேன்: "ஒவ்வொருவரும் தமக்கே உரியதும் பிறருடையதோடு கலவாததுமான அடையாளத்தை இட வேண்டும்." அடையாளம் என்றுதான் இருந்தது. கைநாட்டு என்று இல்லை. நாங்களாகவே அப்படி எடுத்துக்கொண்டிருந்தோம். எழுதத் தெரியாதவன் என்றால் கைநாட்டு என்பது எங்கள் புத்தியிலேயே ஊறிப்போன தப்பு.

அந்தோணி கத்தியை நிறுத்தினான். வாலோரத்துத் துண்டு ஒன்றை எடுத்தான். நறுக்கினான். குருவி வாய்.

"இது கலக்குமாடா யாரோடயாவது?"

புதன்கிழமை பத்து மணிக்கு நாற்பத்தோரு பேரும் ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றோம். காலெல்லாம் சுண்ணாம்பு. ஒவ்வொருவன் கையிலும் உள்ளங்கை அளவுக்கு ஈரத் தோல் துண்டு. சுவரோரம் பட்டைக்காரப் பெண்கள் உலக்கையோடு நின்றார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை, பார்க்கக் கூடாது என்று விதி இல்லை.

மானேஜர் முதல் துண்டை இரு விரலால் தூக்கினார். "இது இன்னா?"

"ஓட்டு ஐயா" என்றான் அந்தோணி.

"இத யார் வேணா வெட்டலாமே. இது நீதான்னு நாம எப்டி நம்பறது?"

அந்தோணி ரகீம் பாய் பக்கம் திரும்பினான். அவர் ஓட்டு எண்ணுவதற்காக மேசையோரம் உட்கார்ந்திருந்தார்.

"பாய், போன மாசம் குருவி வாய்க்கு அபராதம் போட்டீங்களே. அது யாரு?"

ரகீம் பாய் மானேஜரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அந்தோணி" என்றார்.

"ரேகை பாத்தீங்களா?"

"இல்ல."

"வேற யாராவது வெட்டியிருக்கலாம்னு கேட்டீங்களா?"

"இல்லப்பா. அரே, என்னை ஏன்டா பேஜாருல மாட்றே?"

அந்தோணி மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினான். சுண்ணாம்பு தின்ற கை. "எங்ககிட்ட அபராதம் புடிக்கறப்போ இந்தக் குறி நானு. அப்போ யாரும் பூதக்கண்ணாடி வெக்கல. ஓட்டுப் போடறப்போ மட்டும் நான் இல்லியா? ஒண்ணு சொல்லுங்க ஐயா. இது நான் இல்லன்னா, இத்தினி வருசம் போட்ட அபராதம் யாருக்குப் போட்டீங்க?"

சுவரோரத்திலிருந்து அற்புதத்தின் சிரிப்பு கேட்டது. உலக்கை தரையில் தட்டப்படும் சத்தமும் கேட்டது. அப்போது மேஸ்திரி ஓடி வந்தார். "ஐயா, நேரமாச்சு, தோலு தூக்கணும்! இன்னும் வுட்டா அத்தினியும் போய்டும்!"

யாரும் நகரவில்லை. இந்த நேரத்தை வைத்தவர் மானேஜர்தான்.

மானேஜர் வெளியே வெயிலைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் வாயில் 'நாம்' வரவில்லை. "எண்ணுங்க பாய்."

ரகீம் பாய் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தடவினார். "ரெண்டு நேர், ஒரு சாய்வு, ஏழுமலை. ஒத்த வளையம், முனியன். குருவி வாய்…" பெயர் சொல்லச் சொல்ல, அந்த ஆள் "இருக்கேன்" என்றான். நாற்பத்தொன்றும் அந்தோணி பெட்டியில் விழுந்தன. கட்டு அறையில் இருந்தவர்களே முப்பது பேர்தான். அந்தோணி ஜெயித்தான்.

அப்புறம் ஓடிப்போய்த் தோல் தூக்கினோம். ஒன்றுகூடக் கெடவில்லை. நம் வேலையை நாம் கெடுப்போமா?

மாதக் கடைசிக்குள் கமிட்டி கூடியது. பேச்சு தன் காலைப் பற்றியது என்பதால் அந்தோணி எழுந்து வெளியே போய் நின்றான். எங்கள் வரிசையைப் பார்த்திருந்த மற்ற நாலு உறுப்பினர்களுக்கும் திடீரென்று காது கேட்க ஆரம்பித்திருந்தது. பழைய தீர்மானம் ரத்தானது. அவன் உலர்த்தும் கொட்டகைக்குப் போனான். மழைக்காலத்துக்குள் புண் மூடியது.

ஐந்து மாதம் அந்தக் கமிட்டி நடந்தது. குழிகளுக்குக் குறுக்கே பலகை போட வைத்தோம். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று அந்தோணி சொல்லி நான் எழுதிக் கொடுத்த வாரம் முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது: கமிட்டி போதும். ஆனால் மூடியது முதலாளி என்று இருக்கக் கூடாதாம். நாங்களே மூடிக்கொண்டதாக இருக்க வேண்டுமாம். மானேஜர் மினிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். படித்துக்காட்ட நானும் போயிருந்தேன்.

"இக்கமிட்டியைக் கலைத்துக்கொள்வது என நாம் மனமொப்பித் தீர்மானித்தோம்."

நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். புத்தகம் அந்தோணியிடம் வந்தது. அவன் இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தான். மானேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"எந்த வார்த்தடா அது?" என்று என்னைக் கேட்டான். காட்டினேன். 'நாம்' என்ற அந்த ஒரு சொல்லைச் சுற்றி, அடுத்த எழுத்தில் படாமல், சதை சீவுகிறவனின் கையால், நறுக்கி எடுத்தான். தாளில் சன்னல் மாதிரி ஓர் ஓட்டை.

"கையெழுத்து?" என்றார் மானேஜர். குரல் அப்போதும் உயரவில்லை.

"போட்டாச்சே ஐயா" என்று அந்தோணி ஓட்டையைக் காட்டினான். "இதான் என் குறி."

கமிட்டி போயிற்று. அந்தோணியைப் போக்க முடியவில்லை. போக்கினால் புதன்கிழமை பத்து மணிக்கு நாற்பது பேர் எங்கே நிற்பார்கள் என்று ஆபீசுக்குத் தெரியும். மானேஜர் இரண்டு வருடம் கழித்து வேறு ஊருக்குப் போனார். போகும்போது எங்களுக்கு டீ கொடுத்தார், அதே கிளாசில். குடித்தேன். நல்ல டீ. அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டும், அன்றைக்கு வந்த நாலு பேரிடமும் இதையெல்லாம் வாயாலும் சொன்னேன். கேட்டுக்கொண்டு எழுந்தார்கள். வாசல்வரை போனவர்களைக் கூப்பிட்டேன்.

"அந்த நோட்டீசுல மொத வார்த்த இன்னா போட்டிருக்கு?"

ஒருவன் யோசித்தான். இன்னொருவன் சொன்னான்: "'நாம்'னு போட்டிருக்கு மாமா."

"கத்தி கீதா கையில?" என்றேன்.